விமானம் வளைவது எப்படி: ஹென்றி ஃபார்மன் சுற்றிவந்த ஒரு கிலோமீட்டர்

விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கிளம்பிய சில நிமிடங்களில் ஒரு பக்க இறக்கை தாழும். அந்தப் பக்கச் சன்னல் முழுக்கத் தரை தெரியும், எதிர்ப்பக்கச் சன்னலில் வெறும் வானம். "ப்ளேன் திரும்புது, அதான் சாயுது" என்று பக்கத்து சீட்டில் யாராவது பிள்ளைக்குச் சொல்வார்கள். காரணமும் விளைவும் இடம் மாறிப்போன விளக்கம் அது. சாய்வதால்தான் விமானம் திரும்புகிறது. வாலில் நிற்கும் சுக்கான்தான் அதைத் திருப்புகிறது, காருக்கு ஸ்டியரிங் மாதிரி என்று நம்புகிறவர்கள் அதைவிட அதிகம்.

இந்தக் குழப்பம் நேற்று முளைத்ததல்ல. 1907-இல் பிரான்சில் விமானம் கட்டி விற்றவர்களுக்கே இருந்தது. அவர்களிடம் விமானம் வாங்கி, அந்தக் குழப்பத்தோடேயே பறந்து 1908-இல் பரிசு வாங்கி, அதே ஆண்டில் அதைத் திருத்தியும் கொண்டவர் கார் பந்தய ஓட்டுநர் ஹென்றி ஃபார்மன். அவரைப் பற்றியும் ஒரு தவறு சுற்றிவருகிறது: வானில் முதன்முதலில் வட்டமடித்தவர் அவர் என்று. ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், 1904 செப்டம்பர் 20 அன்றே அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு மாட்டுப் புல்வெளிக்கு மேல் முழு வட்டம் அடித்துவிட்டார். ஃபார்மனுக்கு உரியது ஐரோப்பாவின் பெருமை, அதிகாரபூர்வ நடுவர்கள் முன்னிலையில் நடந்தது. இரண்டு வட்டங்களும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நடந்த இயற்பியல் வேறு. அந்த வேறுபாடு புரிந்தால் விமானம் எப்படித் திரும்புகிறது என்பதும் புரிந்துவிடும்.

சைக்கிள், கார், அப்புறம் வானம்

ஃபார்மன் 1874 மே 26 அன்று பாரிசில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர்; தந்தை லண்டன் நாளிதழ் ஒன்றின் பாரிஸ் நிருபர். ஓவியம் படிக்கப் போன பிள்ளை சைக்கிள் பந்தயத்தில் இறங்கி, 1892-இல் பிரான்சின் 100 கி.மீ. சாலைப் பந்தய சாம்பியன் ஆனார். தம்பி மோரிஸும் பந்தயக்காரர்தான். அண்ணனும் தம்பியும் இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிளில் சேர்ந்தே ஓட்டியிருக்கிறார்கள்.

பிறகு கார். பனார் நிறுவனத்தின் பந்தயக் கார்களை ஓட்டினார். 1902-இன் பாரிஸ்–வியன்னா பந்தயத்தில் கனரகப் பிரிவில் முதலிடம் அவருக்கு. கார் 1,000 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. அதற்குள் 70 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி, ஆல்ப்ஸில் ஆர்ல்பெர்க் கணவாயின் மண் ரோட்டில் ஏறி இறங்க வேண்டும். அந்தக் காலத்து பிரேக்கை நம்பி இறங்கியவர்களின் துணிச்சலைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிள்காரருக்கு வளைவு என்றால் சாய்வது. கார்க்காரருக்கு வளைவு என்றால் சக்கரத்தைத் திருப்புவது. ஃபார்மனுக்கு இரண்டும் கைவந்த கலை. ஆனால் 1907-இல் அவர் வாங்கிய விமானம் காராகத்தான் கட்டப்பட்டிருந்தது.

கார் திரும்புவது ரோட்டால்

ஓடுகிற எந்தப் பொருளும் தானாக நேர்கோட்டில்தான் போகும். அதை வளைக்க, வளைவின் மையத்தை நோக்கி ஏதாவது ஒன்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் இதற்கு மையநோக்கு விசை என்று பெயர். பஸ் வளையும்போது நாம் வெளிப்பக்கம் சாய்வதற்குக் காரணம் யாரும் நம்மை வெளியே தள்ளுவதல்ல. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, சீட்டும் கம்பியும் அதை உள்ளே இழுக்கின்றன.

காருக்கு இந்தத் தள்ளலைக் கொடுப்பது ரோடு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் டயர்கள் கோணலாகின்றன. டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலுள்ள உராய்வு காரை உள்ளே தள்ளுகிறது. மழையில் ரோடு வழுக்கினால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்குதான் திரும்பும், வண்டி பழைய திசையிலேயே சறுக்கிக்கொண்டு போகும். அந்த வண்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றில் ரோடு இல்லை

விமானத்தின் வாலில் செங்குத்தாக நிற்கும் கீல் போட்ட பலகைதான் சுக்கான். படகுச் சுக்கான் போலவே, அதை ஒரு பக்கம் மடித்தால் காற்று அதில் மோதி வாலை எதிர்ப்பக்கம் தள்ளும். மூக்கு இந்தப் பக்கம் திரும்பும். சுக்கானால் முடிவது இவ்வளவுதான்: மூக்கு எங்கே பார்க்கிறது என்பதை மாற்றலாம்.

விமானம் எங்கே போகிறது என்பது வேறு சங்கதி. மூக்கு இடப்பக்கம் பார்த்தாலும், இடப்பக்கம் தள்ளுகிற விசை ஒன்று இல்லாவிட்டால் விமானம் முன்பு போன வழியிலேயே, உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு போகும். மழை ரோட்டில் சறுக்கும் வண்டியேதான். இதற்குப் பெயர் வெளிச்சறுக்கல்.

எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானத்தின் வேகம் வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. என்று வைப்போம், ஃபார்மன் 1907-இல் பறந்தது ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். வளைவின் ஆரம் 100 மீட்டர். வேகத்தின் இருபடியை ஆரத்தால் வகுத்தால் 2.25. புவியீர்ப்பின் 9.8 உடன் ஒப்பிட்டால் இது எடையின் 23 சதவீதம். ஆளும் விமானமும் சேர்ந்து 500 கிலோ என்றால், ஏறக்குறைய 115 கிலோ எடைக்குச் சமமான விசை வளைவு முழுக்கப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ரோடு இல்லாத இடத்தில் அதை யார் தருவார்?

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். வளைய வேண்டுமானால் பக்கவாட்டு விசை வேண்டும். காருக்கு அது ரோட்டிலிருந்து கிடைக்கிறது. சுக்கான் மூக்கைத் திருப்புமே தவிர, அந்த விசையைத் தராது.

1908 ஜனவரி 13

ஃபார்மனின் விமானத்தைக் கட்டியவர்கள் காப்ரியேல், ஷார்ல் என்ற வுவாசான் சகோதரர்கள். இரண்டு அடுக்கு இறக்கை, பின்னால் பெட்டிக் காற்றாடி போன்ற வால், ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் 50 குதிரைத்திறன் ஆந்த்வானெத் எஞ்சின். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த படுக்கைப் பலகை மூக்கை ஏற்றவும் இறக்கவும். இதற்கு எலிவேட்டர் என்று பெயர். கையில் கார் ஸ்டியரிங் போலவே ஒரு வட்டச் சக்கரம். முன்னும் பின்னும் தள்ளினால் எலிவேட்டர், திருப்பினால் சுக்கான். இடதுவலமாகச் சாய்க்கவோ, சாய்ந்ததை நிமிர்த்தவோ எந்தக் கருவியும் கிடையாது. விமானம் தானாகவே சமநிலையில் நிற்கும், ஓட்டுநர் ஸ்டியரிங் பிடித்தால் போதும் என்பது கட்டியவர்களின் எண்ணம். சாய்வதை அவர்கள் ஆபத்தாகத்தான் பார்த்தார்கள்.

பாரிஸ் எல்லையில் இஸ்ஸி-லெ-மூலினோ என்ற ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் ஃபார்மன் பழகினார். 1907 அக்டோபர் 26 அன்று நேர்கோட்டில் 771 மீட்டர், 52.6 வினாடி. அடுத்த இலக்கு, எர்னெஸ்ட் ஆர்ச்டீக்கன், ஹென்றி டாய்ட்ஷ் த லா மெர்த் என்ற இரண்டு செல்வந்தர்கள் வைத்திருந்த 50,000 பிராங்க் பரிசு. விதி எளிது: இரண்டு கம்பங்களுக்கு நடுவே பறந்து கிளம்பி, 500 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பத்தைச் சுற்றி, தரையைத் தொடாமல் அதே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நேராகப் பறப்பதற்கு அதற்கு முன்பே பரிசுகள் கொடுத்திருந்தார்கள். இந்தப் பரிசின் உயிர் அந்தக் கம்பத்தில் இருந்தது. 1908 ஜனவரி 13 காலையில் ஃபார்மன் அதை 1 நிமிடம் 28 வினாடியில் முடித்தார்.

சாய்க்கும் கருவி இல்லாமல் எப்படி முடிந்தது? இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. ஒன்று, விமானத்தின் பக்கவாட்டுப் பரப்பு. சுக்கானால் மூக்கை உள்ளே திருப்பி வைத்தால் விமானம் கோணலாகப் போகிறது. எதிர்க்காற்று அதன் வெளிப்பக்க விலாவில் மோதுகிறது. பெட்டி வாலின் செங்குத்துச் சுவர்கள் போன்ற பரப்புகள் அந்த மோதலை வாங்கி விமானத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளுகின்றன. பிற்கால வுவாசான் விமானங்களில் மேல், கீழ் இறக்கைகளுக்கு நடுவே துணித் திரைகளும் கட்டினார்கள். அவையும் இந்த வேலையைச் செய்தன. ஆனால் பலகையைக் குறுக்கே பிடித்துக் காற்றை எதிர்ப்பதால் வேகம் விழும். ஏற்கெனவே விழுந்துவிடாத அளவுக்கு மட்டும் வேகம் உள்ள விமானத்துக்கு இது பெரிய செலவு.

இரண்டாவது, கேட்காமலே வந்த சாய்வு. 10 மீட்டர் அகல இறக்கை 100 மீட்டர் ஆரத்தில் வளையும்போது, வெளி நுனி 105 மீட்டர் ஆரத்திலும் உள் நுனி 95 மீட்டர் ஆரத்திலும் ஓடுகின்றன. அதாவது வெளி நுனிக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் வேகம். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், அதே அளவு இறக்கைத் துண்டு வெளி நுனியில் 22 சதவீதம் அதிகமாகத் தூக்கும். வெளிப்பக்கம் தானே உயரும், விமானம் உள்ளே சாயும், திரும்பும். ஓட்டுநர் சுக்கானால் திருப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் சுக்கான் மறைமுகமாகச் சாய்த்தது, சாய்வுதான் திருப்பியது.

இதில் கோளாறு எங்கே என்றால், அந்தச் சாய்வு ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இல்லை. அளவுக்கு மீறினால் நிமிர்த்த அவரிடம் இருப்பது எதிர்ப்பக்கச் சுக்கான் ஒன்றுதான். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அதனால்தான் ஃபார்மன் அகலமாக, மெதுவாக, காற்று அடங்கிய காலை நேரம் பார்த்து வளைந்தார். கொஞ்சம் பலமான காற்று வீசினால் இந்த முறையில் பறக்கவே முடியாது.

ராட்டினத்து நாற்காலி

இப்போது சரியான முறைக்கு வருவோம். திருவிழாவில் சங்கிலியில் தொங்கும் நாற்காலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். நின்றிருக்கும்போது சங்கிலி நேர் செங்குத்து. அதன் இழுவை முழுவதும் ஆளின் எடையைத் தாங்குகிறது. சுற்ற ஆரம்பித்ததும் சங்கிலி சாய்கிறது. அப்போது அதே இழுவை இரண்டு வேலை செய்கிறது: ஒரு பங்கு மேல்நோக்கி எடையைத் தாங்குகிறது, இன்னொரு பங்கு கிடைமட்டமாக நடுத்தூணை நோக்கி இழுக்கிறது. நாற்காலி வட்டமாகச் சுற்றுவது அந்தக் கிடைமட்டப் பங்கால்.

விமானத்தில் சங்கிலிக்குப் பதில் தூக்குவிசை. இறக்கை காற்றைக் கீழே தள்ளுவதால் அதற்குக் கிடைக்கும் எதிர்விசை அது. எப்போதும் இறக்கைக்கு ஏறக்குறைய செங்குத்தாகவே இருக்கும். இறக்கை தட்டையாக இருந்தால் அது நேர் மேலே. இறக்கையை இடப்பக்கம் சாய்த்தால் தூக்குவிசையும் இடப்பக்கம் சாயும், ஒரு பங்கு இடப்பக்கம் இழுக்கும். நாம் தேடிய 115 கிலோ அங்கேதான் இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் வேண்டிய சாய்வு வெறும் 13 பாகை.

சைக்கிளோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. சைக்கிள் வளைவில் சாய்வது விழாமல் இருக்க. பக்கவாட்டு விசை அங்கும் டயர்–ரோடு உராய்விலிருந்தே வருகிறது. விமானத்தில் பக்கவாட்டு விசையே சாய்விலிருந்துதான் பிறக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு.

சாய்வுக்கு ஒரு விலையும் உண்டு. தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விட்டதால் எடையைத் தாங்கும் பங்கு குறைகிறது. உயரம் இழக்காமல் வளைய, மொத்தத் தூக்குவிசையைக் கூட்ட வேண்டும். 15 பாகைச் சாய்வுக்கு எடையைப்போல் 1.04 மடங்கு, 30 பாகைக்கு 1.15, 45 பாகைக்கு 1.41, 60 பாகைக்குச் சரியாக 2 மடங்கு. 60 பாகைச் சாய்வில் 70 கிலோ ஆளை சீட்டு 140 கிலோ எடைக்குச் சமமாகத் தாங்கிக்கொண்டிருக்கும். பயணிகள் விமானங்கள் பொதுவாக 25, 30 பாகையைத் தாண்டாததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 25 பாகையில், மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் வளையும் விமானத்துக்கு ஆரமே ஏறக்குறைய 2.7 கி.மீ.

சுருக்கமாக: தூக்குவிசையைச் சாய்த்தால் அதில் ஒரு பங்கு விமானத்தை உள்ளே இழுக்கும். அதுதான் திருப்பம். சாய்வு கூடக் கூட இறக்கை சுமக்க வேண்டிய பாரமும் கூடும்.

லெ மானில் கிடைத்த அடி

1908 ஆகஸ்ட் 8 அன்று, லெ மான் நகருக்கு அருகே யுனோதியேர் குதிரைப் பந்தய மைதானத்தில் வில்பர் ரைட் பறந்து காட்டினார். 1 நிமிடம் 45 வினாடிதான், இரண்டு சுற்று. ஆனால் சாய்ந்து, வேண்டிய இடத்தில் வளைந்து, நிமிர்ந்து வந்தார். இறக்கையின் நுனிகளைக் கம்பிகளால் முறுக்கி, ஒரு பக்கத் தூக்குவிசையைக் கூட்டி மறுபக்கம் குறைப்பது ரைட் சகோதரர்களின் வழி. அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சாயாமல் வளைவது என்ற யோசனையே அவர்களுக்கு வந்திருக்காது என்று தோன்றுகிறது. நாம் தோற்றுவிட்டோம் என்று ஃபார்மனின் சக வானோடியான லியோன் தெலாகிராஞ்ஜ் அப்போதே ஒப்புக்கொண்டார். ஃபார்மன் அந்த நேரம் நியூயார்க்கில் பொதுமக்களுக்குப் பறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் வீம்பு பிடிக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே தன் வுவாசான் விமானத்தின் இறக்கைகளில் நான்கு ஐலரான்களைப் பொருத்தினார். ஐலரான் என்றால் பிரெஞ்சில் சின்ன இறக்கை. இறக்கை நுனியின் பின் விளிம்பில் கீல் போட்ட மடிப்புப் பலகை. கீழே மடித்தால் அந்தப் பக்கத் தூக்குவிசை கூடி அந்த இறக்கை உயரும். இது ஃபார்மனின் கண்டுபிடிப்பு என்று எழுதுவதும் தவறு. இங்கிலாந்தில் மேத்யூ போல்ட்டன் 1868-இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்தார். பிரான்சில் ரொபேர் எஸ்னோ-பெல்தெரி 1904-இல் எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் வைத்துப் பார்த்தார். ஃபார்மன் செய்தது, முழு இறக்கையையும் முறுக்கும் வேலையை ஒரு சின்னப் பலகையால் முடிக்கலாம் என்று எஞ்சின் விமானத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அக்டோபர் 30 அன்று பூயி கிராமத்திலிருந்து ரெய்ம்ஸ் நகருக்கு 27 கி.மீ. தூரத்தை 20 நிமிடத்தில் பறந்தார். மைதானத்தை விட்டு வெளியேறி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போன முதல் பயணம் அது. வழியில் மரங்களைத் தாண்டியாக வேண்டும். சாய்வைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் அங்கே போவது தற்கொலைக்குச் சமம்.

அப்படியானால் சுக்கான் எதற்கு?

ஐலரான் வந்த பிறகு சுக்கானுக்கு வேறு வேலை கிடைத்தது. இடப்பக்கம் வளைய, வலது ஐலரானைக் கீழே மடிக்கிறோம். வலது இறக்கை உயர்கிறது. ஆனால் அதிகமாகத் தூக்குகிற இறக்கை காற்றை அதிகமாக எதிர்க்கவும் செய்யும். அந்த எதிர்ப்பு வலது இறக்கையைப் பின்னுக்கு இழுக்க, மூக்கு வலப்பக்கம் போகிறது. இடப்பக்கம் வளையச் சொன்னால் மூக்கு முதலில் வலப்பக்கம் பார்க்கிறது! இதற்கு எதிர்த் திரும்பல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ரைட் சகோதரர்கள் 1901-இல் கிளைடரில் இதைக் கண்டு திகைத்து, 1902-இல் அசையும் சுக்கான் வைத்து, அதை இறக்கை முறுக்கலோடு இணைத்துச் சரிசெய்தார்கள்.

இந்த எதிர்த் திரும்பலை ரத்து செய்து, மூக்கைப் போகும் திசைக்கு நேராக வைப்பதே சுக்கானின் முக்கிய வேலை. 1909-இல் ஃபார்மன் சொந்தமாகக் கட்டிய மூன்றாம் எண் விமானத்தில் இது இன்னும் அவசியப்பட்டது. அதன் ஐலரான்களைக் கம்பிகளால் கீழே இழுக்க மட்டும்தான் முடியும். தரையில் நிற்கும்போது நான்கும் துவண்டு தொங்கும். பறக்கும்போது காற்றுதான் அவற்றைத் தூக்கி நேராக்கும். மேலே மடிக்க வழியில்லாததால், வேலை முழுவதும் எதிர்ப்பைக் கூட்டும் பக்கத்திலேயே நடந்தது. இன்றைய விமானங்களில் ஒரு பக்கம் கீழே போகும்போது மறுபக்கம் மேலே போகும். பலவற்றில் மேலே போகும் அளவு கீழே போகும் அளவைவிட அதிகம். எதிர்த் திரும்பலைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு.

அதே விமானத்தில் கார் ஸ்டியரிங்கும் ஒழிந்தது. வலது கையில் ஒரு கோல்: முன்னும் பின்னும் எலிவேட்டர், இடமும் வலமும் ஐலரான். சுக்கான் காலுக்குப் போனது. இன்னொரு பிரெஞ்சு விமானியான லூயி பிளேரியோவும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டுக்கு வந்திருந்தார். இன்று பறக்கக் கற்கும் மாணவர் கையிலும் காலிலும் இருப்பது இதுதான்.

ரெய்ம்ஸ், அதற்குப் பிறகு

1909 ஆகஸ்டில் ரெய்ம்ஸில் நடந்த விமான வாரத்தில் ஃபார்மன் தன் விமானத்துக்கு 50 குதிரைத்திறன் நோம் எஞ்சினை மாட்டி, ஆகஸ்ட் 27 அன்று நெடுந்தூரப் போட்டியில் இறங்கினார். சுற்று 10 கி.மீ., மூலைக்கு ஒரு கம்பம். தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில், 3 மணி 4 நிமிடம் 56 வினாடியில் 180 கி.மீ. நடுவர்கள் கணக்கெடுப்பதை மாலை 7.30 மணிக்கு நிறுத்திவிட்டார்கள். அவர் அதன் பிறகும் பறந்துகொண்டிருந்தார். 18 சுற்று, சுற்றுக்கு 4 கம்பம், மொத்தம் 72 வளைவு. ஒரே ஒரு கம்பத்தைச் சுற்றியதற்குப் பரிசு வாங்கி 19 மாதம்தான் ஆகியிருந்தது.

அப்புறம் அவர் தொழிலதிபர். தம்பியும் தனியாக விமானம் கட்டிக்கொண்டிருந்தார். 1912-இல் இருவரும் சேர்ந்தார்கள். முதல் உலகப் போரில் அவர்களுடைய விமானங்கள் பல நாட்டு விமானிகளுக்குப் பயிற்சி விமானங்களாயின. 1919-இல் கோலியாத் என்ற அவர்களுடைய பெரிய விமானம் பாரிஸ்–லண்டன் இடையே பயணிகளை ஏற்றிப் பறந்தது. 1936-இல் அரசு நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது. பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றது 1937-இல்தான். 1958 ஜூலையில் பாரிசில் காலமானார்.

இன்று ஒரு திருப்பம், படிப்படியாக

சின்னப் பயிற்சி விமானத்தில் இடப்பக்கம் 30 பாகைச் சாய்வில் வளைவதாக வைப்போம்.

1. போகப்போகும் பக்கம் வேறு விமானம் இல்லையே என்று பார்க்க வேண்டும்.
2. கோலை இடப்பக்கம் சாய்த்து, அதே சமயம் இடது சுக்கான் மிதியையும் அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தே.
3. சாய்வு 30 பாகைக்கு வந்ததும் கோலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். காரில் வளைவு முடியும்வரை ஸ்டியரிங்கைத் திருப்பியே பிடிப்போம். விமானத்தில் கோலைச் சாய்த்தே பிடித்தால் சாய்வு கூடிக்கொண்டே போகும். நடுவுக்கு வந்த பிறகும் சாய்வு நிற்கும், திருப்பமும் தொடரும்.
4. கோலை லேசாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அந்த 1.15 மடங்கு தூக்குவிசை இப்படித்தான் வருகிறது. இழுக்க மறந்தால் உயரம் குறையும்.
5. வேண்டிய திசைக்குச் சாய்வில் பாதியளவு பாகை முன்னதாகவே, அதாவது 15 பாகை இருக்கும்போதே நிமிர்த்தத் தொடங்க வேண்டும். வலப்பக்கக் கோல், வலது மிதி.

மிதி சரியாக விழுந்ததா என்று பார்க்க, முன்பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு இருக்கும். நடுவில் நின்றால் சரி. ஒரு பக்கம் உருண்டால், உருண்ட பக்கத்து மிதியை அழுத்த வேண்டும்.

கோளாறு வருமிடம்

இறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கி வளையும் கடைசித் திருப்பத்தில் பழைய கார்ப் புத்தி திரும்ப வரும். விமானம் ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிப் போகிறது. தரை பக்கத்தில் இருப்பதால் அதிகம் சாய்க்கப் பயம். "சாய்க்காமலே மூக்கை மட்டும் கொஞ்சம் திருப்பிவிடலாம்" என்று விமானி சுக்கானை அழுத்துகிறார். 1908-இல் ஃபார்மன் கம்பத்தைச் சுற்றிய அதே முறை.

அடுத்து நடப்பது வரிசையாக வரும். வெளி இறக்கை வேகமாகி உயர்கிறது, உள் இறக்கை மெதுவாகித் தாழ்கிறது. சாய்வு கூடுவதைப் பார்த்து விமானி கோலை எதிர்ப்பக்கம் சாய்க்கிறார். உள் இறக்கையின் ஐலரான் கீழே மடிகிறது, அதன் எதிர்ப்பு கூடுகிறது. மூக்கு தாழ்வதைப் பார்த்துக் கோலைத் தன் பக்கம் இழுக்கிறார். இப்போது உள் இறக்கை காற்றை அளவுக்கு மீறிய கோணத்தில் சந்திக்கிறது, மேற்பரப்பில் ஒட்டி ஓட வேண்டிய காற்று பிரிந்துவிடுகிறது, தூக்குவிசை சரிகிறது. இதற்குத்தான் ஸ்டால் என்று பெயர், எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு இறக்கை மட்டும் ஸ்டால் ஆனால் விமானம் அந்தப் பக்கம் புரண்டு சுழலத் தொடங்கும். 150 மீட்டர் உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை.

சாய்வும் தன் பங்குக்கு நெருக்கும். நேராகப் பறக்கையில் மணிக்கு 100 கி.மீ.க்குக் கீழே போனால் ஸ்டால் ஆகும் விமானம், 30 பாகையில் 107-இலும், 45-இல் 119-இலும், 60-இல் 141-இலும் ஸ்டால் ஆகும். அதனால் பயிற்சியாளர்கள் சொல்வது ஒன்றுதான்: கோடு தாண்டிப் போய்விட்டதா, வளைக்க முயலாதே, எஞ்சினை முடுக்கி மேலே போய் இன்னொரு சுற்று வா.

சன்னலோரத்திலிருந்து

அடுத்த முறை இறக்கைக்குச் சற்றுப் பின்னால் சீட் கிடைத்தால் இறக்கையின் பின் விளிம்பைப் பாருங்கள். உங்கள் பக்கம் சாயத் தொடங்கும்போது அந்தப் பக்க ஐலரான் மேலே எழும். பெரிய விமானங்களில் இறக்கையின் மேல்பரப்பிலும் சில பலகைகள் கூடவே எழலாம். இரண்டு மூன்று வினாடியில் எல்லாம் பழையபடி படிந்துவிடும், இறக்கை மட்டும் சாய்ந்தே நிற்கும். மேலே மூன்றாம் படியாகச் சொன்னது அதுதான்.

முன்னால் இருக்கும் தண்ணீர் தம்ளரையும் பாருங்கள். வெளியே அடிவானம் 25 பாகை சாய்ந்திருக்கும், தம்ளரில் தண்ணீர் மட்டம் தட்டோடு ஒட்டிச் சமமாகவே நிற்கும். ராட்டினத்து நாற்காலியில் கையில் தம்ளர் வைத்திருந்தாலும் அப்படித்தான். தண்ணீர் ஒரு விளிம்புக்கு ஏறினால் சுக்கானில் ஏதோ கூடவோ குறையவோ இருக்கிறது. பயணிகள் விமானத்தில் தானியங்கிக் கருவி அதைக் கவனித்துக்கொள்வதால் அநேகமாக ஏறாது. எதிர்ப்பக்க இறக்கையின் ஐலரான் மேலே எழுவது தெரிந்தால் திருப்பம் முடியப்போகிறது. இன்னும் சில வினாடியில் அடிவானம் சன்னலுக்குத் திரும்பிவிடும்.